இரண்டு பஞ்சாங்கத்துக்கு நடுவே ஒரு வீடு

திருப்பதியில் வீடில்லாத குடும்பங்களுக்கு வாடகை வீடு தேடித் தருவது என் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால், நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று பல்லைக் காட்டுகிற வேலை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த வேலைக்கு அது ஆகாது என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

அந்த வருடம் நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று எங்களிடம் வந்தது. கணவன் கொத்தனாரிடம் கையாள். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். குடியிருந்த வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்லி உரிமையாளர் காலி செய்ய வைத்ததில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டவர்கள். தங்குமிடத்தில் இடம் பிடித்துக் கொடுத்தோம். ஆனால் பெண்களுக்கான தங்குமிடம் ஊரின் ஒரு கோடி, ஆண்களுடையது மறு கோடி. சாயங்காலம் ஏழு மணிக்குள் அவரவர் இடத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தாமதமானால் கட்டில் வேறு ஆளுக்குப் போய்விடும். நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது. பெரிய வீடு கேட்கவில்லை அவர்கள். ஓர் அடுப்பும் ஒரே கதவும் போதும் என்றார்கள்.

அலையாய் அலைந்து ஓர் அறை கண்டுபிடித்தேன். மாடியில் வீட்டுக்கார அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை. கீழே அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு. எல்லாம் பேசி முடித்து, "எப்போது வரட்டும்?" என்று கேட்டேன். "ஆஷாடம் கதம்மா, வத்து" என்று தெலுங்கில் சொல்லி, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாட மாதத்தில் புது அடுப்பு பற்ற வைப்பது ஆகாது. கையாளின் மனைவியிடம் வந்து சொன்னேன். "நமக்கு ஆனிதானே அக்கா நடக்குது, நல்ல மாசமாச்சே" என்று முகம் வாடினாள். "அவங்க வீடு, அவங்க கணக்கு" என்று அதட்டினேன். ஆஷாடம் முடிந்த மறுநாளே ஆட்களைக் கூட்டி வருவதாக வீட்டுக்கார அம்மாவிடம் வாக்கும் கொடுத்துவிட்டேன்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். என் வீட்டுச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று கணவர் வீட்டுத் தெலுங்கு, மற்றது நான் புத்தூரிலிருந்து கொண்டுவந்த தமிழ். காலையில் இரண்டிலும் தாள் கிழிப்பவள் நான்தான். அப்படியிருந்தும், ஆஷாடம் முடிவதற்குள் ஆடி பிறந்துவிடும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆஷாடம் முடிந்து சிராவணம் பிறந்ததும் பெண்கள் தங்குமிடத்துக்கு ஓடினேன். அவள் பெரியவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "கிளம்பு, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும்" என்றேன்.

"ஆடி அக்கா இப்போ. ஆவணி பொறக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தம்மா வேற யாருக்காச்சும் குடுத்துட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது? பஸ் ஸ்டாண்டுல படுத்தப்ப எந்த மாசம்னு பாத்தியா நீ?"

கேட்ட வாயை மூடுவதற்குள் வெட்கமாகிவிட்டது. அவள் சீப்பை நிறுத்தவில்லை.

"போன ஆடியிலதான் அக்கா அந்த வூட்டுக்குப் போனோம். ஆடின்னு தெரிஞ்சே அவசரத்துல பால் காச்சினோம். பொங்கல் தாண்டல, வூடு போச்சு. இன்னொரு வாட்டி என் புள்ளைங்கள வெச்சினு பாக்க மாட்டேன்."

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் எல்லாம் போன பிறகு அவள் கையில் மிச்சமிருந்த ஒரே பாதுகாப்பு அதுதான் என்று புரிந்தது. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. கணவனோ வேறு ரகம். குழந்தைகளைப் பார்க்க வந்திருந்தவன் வாசலில் என்னைத் தனியாக மடக்கி, "நான் இன்னிக்கே வந்துடுவேன் அக்கா, மார்கழியா இருந்தாலும் சரி. அவகிட்ட யாரு பேசறது?" என்றான்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் மாடி ஏறினேன். வீட்டுக்கார அம்மா முழுவதும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கள் ஆஷாடத்துக்கு அவள் காத்திருந்தாள், அவளுடைய ஆடிக்கு நான் காத்திருக்க மாட்டேனா?" என்று தெலுங்கில் கேட்டார். சாவியையும் எடுத்து நீட்டினார். அடுப்புதானே பற்ற வைக்கக் கூடாது, சுண்ணாம்பு அடித்துக்கொள்ளட்டும் என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டால் பயந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

ஆடி முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேரும் அங்கே வந்து கூடினார்கள். சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்தார்கள். பார்சல் வாங்கிவந்து மாடிப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள், உள்ளே இல்லை. ஐந்து மணியானதும் அவன் ஒரு ஷேர் ஆட்டோ, அவர்கள் எதிர்ப்பக்கம் இன்னொன்று.

ஆவணி பிறந்தது. சிராவணமும் இன்னும் முடியவில்லை. இரண்டு பஞ்சாங்கமும் சண்டையில்லாமல் இருந்த ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினார்கள். வீட்டுக்கார அம்மா மஞ்சள் குங்குமத்தோடு இறங்கிவந்தார். நான் ஒரு குக்கர் வாங்கிப் போயிருந்தேன். மத்தியானம் பாயசம், சாயங்காலம் மறுபடி உலை. இரண்டு தமிழ்ப் பெண்களும் ஒரு தெலுங்கு அம்மாவும் ஒரே நேரத்தில் பேசியதில் யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை.

ஆறு மணி இருக்கும். மூலையில் உட்கார்ந்திருந்த கணவன் எழுந்து சட்டையை மாட்டினான். செருப்புக்குள் காலை நுழைத்தான். "வரேன் அக்கா, லேட்டானா கட்டில் போயிடும்" என்றான், வழக்கமான குரலில்.

சின்னவள், "நைனா, இதான் நம்ம வூடு" என்றாள்.

மனைவி அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க கெளம்பிக்கினு கீற? சோறு வெந்துடுச்சி. உக்காந்து துன்னு."

அவன் எங்கள் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். செருப்பைக் கழற்ற அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.