தட்டு தரையில் பட்டது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தட்டு தரையில் பட்டது. உரசியதா, உரசவில்லையா என்று இழுக்க வேண்டிய தேவையே இல்லை. பட்டது. பட்டு, ஒரு எம்பு எம்பி, அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணின் கைக்குள் போனது. இரண்டடி தூரத்தில் நான் முழங்காலை ஊன்றிக் கிடந்தேன். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே ஞாபகமில்லை. ஒருத்தரும் நம்பவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அல்டிமேட் ஃபிரிஸ்பி என்றால் ஹந்தானையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்கும் தெரியாது. அம்மா அதைத் தட்டு எறியிற விளையாட்டு என்பார். அதுவும் சரிதான். பக்கத்துக்கு ஏழு பேர், ஆணும் பெண்ணும் கலந்து நிற்போம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஒருவருக்கொருவர் எறிந்து எறிந்து கொண்டுபோக வேண்டும். எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் நம் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. கீழே விழுந்தால் தட்டு அவர்களுக்கு. இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. பெரிய போட்டியானாலும் நடுவர் கிடையாது, விசில் கிடையாது. பிடித்தேனா விட்டேனா என்று பிடித்தவரே சொல்ல வேண்டும். தள்ளிவிட்டால் தள்ளினவரே ஒப்புக்கொள்ள வேண்டும். தகராறு வந்தால் இரண்டு பேரும் நின்று பேசி, பக்கத்தில் நன்றாகப் பார்த்தவர் யாரோ அவரைக் கேட்கலாம். அதற்கும் ஒத்துவராவிட்டால் தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பிப் போகும், அந்த எறி நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு ஆட்டம் தொடரும். ஆக, ஆளுடைய வாய்ச்சொல்தான் அங்கே எல்லாம். சொல்லுக்கு மதிப்புப் போனால் அந்த ஆள் மைதானத்தில் நிற்பதும் ஒன்றுதான், வீட்டில் கிடப்பதும் ஒன்றுதான்.

எனக்கு இந்த ஆட்டத்தைக் காட்டியவள் எங்கள் கல்லூரி அணியின் கெப்டன். என் வகுப்புக்காரி, டவுன்காரி. அவள் அப்பாவுக்குக் கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் தேங்காய்க் கடை. முதல் வருசம், நகரத் தொடங்கிய பஸ்ஸை நான் ஓடிப்போய்ப் பிடித்ததை அவள் உள்ளே இருந்து பார்த்திருக்கிறாள். ஏறி மூச்சு வாங்கி நிற்கிறேன், பக்கத்தில் வந்து, பெயரைக்கூடக் கேட்காமல், நாளைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா என்றாள். மலையில் ஏறி இறங்கின கால், ஓடுவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எறியத்தான் தெரியாது. மூன்று வருசம், வகுப்புக்கு முன்னால் தினமும் ஒரு மணித்தியாலம், அவளும் நானும் எதிரெதிரே நின்று எறிந்திருக்கிறோம். தோளை எந்தப் பக்கம் சாய்க்கிறாள் என்று பார்த்தாலே தட்டு எங்கே வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். என் சோற்றுப் பெட்டியை அவள் திறப்பாள், அவளுடையதை நான் திறப்பேன். அவள் வீட்டு தேசிக்காய் ஊறுகாய் முக்கால்வாசி என் வயிற்றுக்குள்தான் போயிருக்கும்.

ஒருநாள் பயிற்சியில் தட்டைப் பிடித்த பிறகு இரண்டடி கூடுதலாக ஓடிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, நானும் கமுக்கமாக இருந்துவிட்டேன். அவள் எல்லோரையும் நிறுத்தினாள்.

"யாரும் பாக்கலன்னா சும்மா இருந்துருவியா? நம்ம கேம்ல ரெஃபரி நம்ம வாய்தான்டி."

அத்தனை பேருக்கு முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. இப்படி ஒருத்தி நமக்குக் கூட்டாளியாகக் கிடைத்தாளே என்று பெருமையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து மைதானத்தில் நான் ஒரு பொய் சொன்னதில்லை. சின்னப் பொய்கூட இல்லை.

பிராந்தியப் போட்டி திகனயில் நடந்தது. கடைசி வருசம், பரீட்சை முடிந்தால் ஆளுக்கொரு வேலை என்று பிரிந்துவிடுவோம். அரையிறுதியில் வென்றால் கொழும்பில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். காலையில் பஸ்ஸில் போகும்போதே அவள் என் காதுக்குள் ஒரு விசயம் சொன்னாள். தேசிய அணிப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்க கொழும்பிலிருந்து ஒரு அக்கா வருகிறாராம். ஆட்டத்தை மட்டுமில்லை, நடத்தையையும் பார்ப்பாராம். எங்கள் விளையாட்டில் நடத்தைக்கு ஸ்பிரிட் என்று பெயர், அதற்குத் தனிப் பரிசே உண்டு. நான் அவள் தொடையில் தட்டி, உன்னை எடுக்காமல் வேறு யாரை எடுப்பார்கள் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

விக்டோரியா அணைக்கட்டுப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. எறிகிற தட்டெல்லாம் தறிகெட்டுப் போனது. அப்படியும் அரையிறுதிவரை வந்துவிட்டோம். எதிரணி சிங்களப் பிள்ளைகள், கெட்டிக்காரர்கள், நல்ல மாதிரியும்கூட. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த புள்ளி எடுப்பவருக்கு ஆட்டம். நான் மறித்துக்கொண்டிருந்தது நீளப் பின்னல் போட்ட ஒரு உயரமான அக்காவை. அவர்களுடைய பையன் ஒருவன் தூரத்திலிருந்து நீளமாக எறிந்தான். நானும் அந்த அக்காவும் எங்கள் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ந்து ஓடினோம், காற்று தட்டை அமுக்கியது, இரண்டு பேரும் பாய்ந்தோம். தட்டு கீழே பட்டது, எம்பியது, அவர் பிடித்தார்.

அவர் பிடித்தேன் என்றார், நான் பட்டது என்றேன். அவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பாய்ந்து விழுந்தவருடைய முகம் புல்லுக்குள் இருந்தது, அவர் எப்படிப் பார்ப்பார். ஐந்தடி தள்ளி எங்கள் கெப்டன் நின்றிருந்தாள், அவளுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. நல்ல காலம், இவள் நிற்கிறாள் என்று எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திரும்பி, நீ பார்த்தாய்தானே என்று கேட்டேன். அந்த அக்காவும் அவளைத்தான் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. போட்டி நடத்துபவர்கள் இருந்த கூடாரத்துப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சுத்தமான பிடி, எங்கள் பிள்ளை தவறாகப் பார்த்துவிட்டாள் என்றாள்.

ஆட்டம் முடிந்தது. யோசித்துப் பாருங்கள், அவள் என் பக்கம் பேசியிருக்கக்கூட வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் நின்றிருந்தாலே தட்டு அந்தப் பையன் கைக்குத் திரும்பிப் போயிருக்கும், ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஆனால் அப்போது எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. கூடாரத்திலிருந்து கைதட்டல் வந்தது. தன் அணி தோற்றாலும் பரவாயில்லை என்று உண்மை பேசிய பிள்ளையாம். நான் நின்ற இடத்தில் நின்று அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் கலந்து, தோளில் கை போட்டு, வட்டமாக நின்று பேச வேண்டும். அது வழக்கம். நல்லது கெட்டது எல்லாம் அங்கேயே பேசித் தீர்த்துவிட வேண்டும். என் தோளில் அவள் கை இருந்தது. எதிரணிக் கெப்டன், நல்ல ஆட்டம், கடைசிப் புள்ளியில் மட்டும் கொஞ்சம் மனம் கஷ்டமாகிவிட்டது என்றார். அவள் என் தோளை மெதுவாக அழுத்தினாள். எனக்கு விளங்கியது. நான் அந்த உயரமான அக்காவைப் பார்த்து 'சமாவென்ன' என்றேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவர் சிரித்து, பரவாயில்லை நங்கி என்றார், தங்கச்சி என்று.

ஏன் கேட்டாய், உனக்குத்தான் பட்டது தெரியுமே என்று நீங்கள் திட்டலாம். திட்டுங்கள். அப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் இல்லை என்று சொன்ன நொடியிலேயே எனக்கு என் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவளாவது பொய் சொல்வதாவது. என் கண்ணைவிட அவள் வாயை நம்பினேன். அவ்வளவு மடச்சி நான்.

ஸ்பிரிட் பரிசு அவளுக்குத்தான். வெள்ளைத் தட்டொன்றில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பிவரும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் இருந்தாள். மற்றவர்கள் பின்னால் உர்ரென்று இருந்தார்கள். ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. பொய் சொல்லி மானத்தை வாங்கிவிட்டாளே என்ற கோபம். குண்டசாலை தாண்டியதும், இன்றைக்கு என் கண்ணுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, என்னால் உனக்கும் கெட்ட பேர் வந்திருக்கும் என்று அவளிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை முட்டியது. அவளுக்கு மனசு கேட்கவில்லை போல. என் கையைப் பிடித்தாள்.

"உன் கண்ணுக்கு ஒன்னும் வரலடி. பட்டுச்சுதான். நானும் பாத்தேன்."

ஆறுதலுக்குச் சொன்னாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது, ஆறுதலுக்குச் சொன்னாள். அந்தக் கொழும்பு அக்கா கூடாரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசிப் புள்ளியில் அடம் பிடிக்கிற அணி என்று நினைத்துவிட்டால் எல்லாம் போச்சாம். என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாளாம்.

"நீன்னதாலதான் சொன்னேன். நீ தப்பா எடுக்க மாட்டன்னு தெரியும்."

மூன்று வருசத்துச் சிநேகத்துக்கு அவள் கண்ட பிரயோசனம் அது. கையை உதறினேன். போட்டி முடிந்தால் குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ரோல்ஸ் தின்று பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் பிரிவோம். அன்று கண்டியில் இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோ பிடித்து ஹந்தானைக்கு ஏறிவிட்டேன். அம்மா வென்றீங்களா என்று கேட்டார். தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

ஒரு கிழமை கழித்து, பொறுக்கமாட்டாமல், அணிப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. உண்மை பேசினவள்மேலேயே பழி போடுகிறாயா, பொறாமையா என்று கேட்டார்கள். அவளிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இல்லையென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. விடுங்க, அவ மனசு சரியில்ல என்றாளாம். அதற்குள் அவளுக்கு முகாமுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. பெரிய மனுசி, என்னை மன்னித்துவிட்டாள்.

ஆட்டத்தை ஏன் விடவில்லை என்று கேட்டால், விட்டால் அவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே. வீம்புக்குப் போனேன். அவள் எறிந்தால் பிடித்தேன், அவள் ஓடினால் எறிந்தேன். வாயால் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு மாதம் அப்படியே போனது.

அவள் முகாமுக்குப் போவதற்கு முந்திய ஞாயிறு, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் அதே சிங்களப் பிள்ளைகளோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம். நான் ஓரக் கோட்டை ஒட்டி நின்றிருந்தேன், தட்டு என் கையில். அவள் அதே கோட்டோரமாக அவர்களுடைய கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடினாள். எறிந்தேன். அவள் துள்ளிப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கினாள். அந்த உயரமான அக்கா, கால் வெளியே என்றார். கால் உள்ளேதான். ஒரு சாண் உள்ளே. நேர்கோட்டில் நின்று பார்த்தது நான் ஒருத்திதான்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. அந்தக் கண்ணில் ஒரு பயம் இருந்தது, பொய் சொல்லிவிடுவேனோ என்று. சொல்லியிருக்கலாம். யார் என்னைக் கேட்டிருப்பார்கள். ஆனால் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. உள்ளேதான், நான் நன்றாகப் பார்த்தேன் என்று சிங்களத்தில் சத்தமாகச் சொன்னேன்.

அந்த அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார். இந்த நங்கி வேண்டாம், வேறு யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அவளையே பார்த்தேன். இப்போதாவது சொல்லு. இவ பொய் சொல்ல மாட்டா, அன்னிக்கும் சொல்லல. அவ்வளவு போதும். அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பரவால்ல, திருப்பி எறிவோம்" என்றாள்.

கையில் இருந்த புள்ளியை விட்டுக்கொடுத்தாளே என்று இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். அவளே வந்து தட்டை என் கையில் தந்தாள். மெதுவாக, தேங்ஸ்டி என்றாள். பிறகு பழைய இடத்துக்குப் போய் நின்று, எறி என்று கையைக் காட்டினாள்.

நான் எறியவில்லை. குனிந்து தட்டைப் புல்லின் மேல் வைத்தேன். அதைவிட்டுக் கையை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவளைக் கேட்டேன்.

"இது தரையில பட்டிருக்கா இல்லையா? இதையாச்சும் பாத்துச் சொல்லு."

அவள் தட்டைப் பார்த்தாள், அந்த அக்காவைப் பார்த்தாள். கடைசிவரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.