மேலே ரோட்டுக்குப் போக ஒரு படம்

பாரிசவாதம் என் கணவரின் வலது பக்கத்தோடு பேச்சையும் எடுத்துக்கொண்டது. கலஹா பஸ்ஸில் கண்டக்டராக நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவர். இப்போது அவருக்கு வாய் என்றால் இடது கட்டைவிரலும் போனும்தான். எழுத்தும் புரிவதில்லை. போனில் இருக்கும் சின்னச் சின்னப் படங்களைத் தேடி அனுப்புவார். சோற்றுக் கிண்ணம் என்றால் பசி. சக்கர நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் படம் வந்தால், என்னை மேலே ரோட்டுக்குக் கூட்டிப்போ என்று அர்த்தம். அந்தப் படத்தை எதற்காகச் செய்தார்களோ தெரியாது, எங்கள் வீட்டில் அதற்கு இதுதான் அர்த்தம்.

வீடு ரோட்டுக்குக் கீழே நாற்பத்தொரு படி. நாற்காலியைத் தூக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். நான் பிலிமத்தலாவையில் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் அவருக்குச் சோறு போடுவார். பின்னேரமானால் படம் வரும். "ஞாயித்துக்கெழம பாப்போங்க" என்று குரல் அனுப்புவேன். ஞாயிறும் ஆள் கிடைக்காது. எரிச்சலில் சில நாள் பதிலே போடமாட்டேன். அதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அப்படி நான் பேசாமல் இருந்த ஒரு நாள், அவர் அந்தப் படத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். காய்ச்சலோ, ஒப்பரேஷனோ, செத்த வீடோ, அந்தக் குழுவில் எல்லோரும் கும்பிடும் கைகளைப் போடுவதுதான் வழக்கம். சேலை மடித்துக்கொண்டே பார்த்தேன். கைகள் வந்துகொண்டே இருந்தன. "கடவுள் கைவிடமாட்டார் அண்ணே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நோய் வருத்தம் கூடிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். 'அவரத் தூக்க ரெண்டு பேர் வாங்க' என்று எழுதினேன். ஊர் முன்னால் கெஞ்ச வெட்கமாக இருந்தது. அனுப்பாமலே அழித்துவிட்டேன்.

ஆறரைக்கு வீட்டுக்குப் போனேன். கதவுக்கு நேரே நாற்காலியில் இருந்தார். வெள்ளைச் சட்டையை ஒற்றைக் கையால் மாட்டி, பொத்தான்களை ஏறுமாறாகப் போட்டிருந்தார். தண்ணீர் தொட்டுத் தலை வாரியிருந்தார். போனை நீட்டி, கும்பிடும் கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பிறகு படியைக் காட்டிச் சிரித்தார். அத்தனை பேரும் வருகிறோம் என்று சொன்னதாக நினைத்திருக்கிறார், பாவி மனுஷன்.

என்ன சொல்லிப் புரியவைப்பேன்?

"கொஞ்சம் பொறுங்க, வந்துருவாங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டு, அவர் நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டார்.