ஒரு துளை போதுமாம்

வன்னியில் உடையார்கட்டுப் பக்கத்து மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் உயரத் தண்ணீர்த்தாங்கி கட்டப்போகிறோம் என்றார்கள். மண் பரிசோதிக்கப் போனவன் நான். தாங்கிக்குக் காணித் துண்டு கொடுத்தது ஓர் அக்கா. அவருடைய புருஷனுக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. கிணற்றுத் தண்ணீரைத் தொடவே கூடாதென்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். தாங்கி வந்தால் வாசல் படலையடியில் குழாய் வரும். அதற்காகத்தான் கொடுத்தார்.

உயரத்தில் தண்ணீரை வைப்பது விளையாட்டில்லை. முழுப் பாரமும் தலையில். தாங்கியின் நாலு காலும் ஒருமிக்கக் கொஞ்சம் இறங்கினால் சமாளிக்கலாம். ஒரு கால் மட்டும் இறங்கினால் தொலைந்தோம். அதனால் ஒவ்வொரு காலடியிலும் துளை போட்டு மண்ணைப் பார்க்கவேண்டும் என்றேன். எங்கள் பொறியியலாளர் சிரித்தார்.

"உமக்கென்ன விசரே? மூலையில ஒண்டு போட்டிட்டம். நல்ல இறுகின மண். மிச்சத்தைச் சனத்திட்டக் கேட்டாப் போச்சு."

கேட்டார். "இந்தக் காணிக்குள்ள சண்டைக்காலத்துப் பதுங்குகுழி, பங்கர் கிங்கர் இருந்ததே?"

"ஒண்டும் இல்லை ஐயா" என்றார் அக்கா, யோசிக்காமலே.

அந்த றோட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் அதுதான் பதில். சண்டை முடிந்து திரும்பிய காலத்தில் பங்கர் இருந்ததென்று சொன்னவர்களின் காணியில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் உள்ளே போகக்கூடாதென்று சிவப்புக் கட்டை நட்டுவிட்டுப் போனார்கள். சொன்னவர்கள் அகதி முகாமிலேயே கிடந்து காய்ந்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் பங்கருக்குள் உடைந்த ஓடு, கிழிந்த தறப்பாள் எல்லாவற்றையும் தள்ளி, மேலே மண்ணைப் போட்டு மிதித்துவிட்டு, வருகிற எவனுக்கும் 'இல்லை' சொல்லப் பழகினார்கள். இது எங்கள் பொறியியலாளருக்குத் தெரியாதா? அவரும் பங்கருக்குள் பதுங்கி எழும்பி வந்த வன்னி ஆள்தானே! அவருக்கு அந்த 'இல்லை' வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

தாங்கி எழும்பியது. சோதனைக்காக முதல்தரம் தண்ணீர் நிரப்பியபோது கிழக்குக் கால் இறங்கியது. தோண்டிப் பார்த்தால் பங்கருக்கு மேல் அடுக்கியிருந்த பனங்குற்றிகள் உக்கி, உடைந்த ஓடுகளுக்கிடையில் வெறும் பொந்து. கழுத்துப் பிடித்த ஆள் மாதிரித் தாங்கி சரிந்து நின்றது. நிரப்பிய தண்ணீர் முழுவதையும் வாய்க்காலில் திறந்துவிட்டோம்.

பொறியியலாளர் அக்காவில் பாய்ந்தார். "பொய் சொல்லிப்போட்டு இப்ப என்ன முழிக்கிறீர்?"

அக்கா பயப்படவில்லை. "ஓம், இருந்ததுதான். தாங்கி சரியும், அதுக்குத்தான் கேக்கிறம் எண்டு ஆராவது ஒரு வார்த்தை சொன்னனீங்களே?"

"துளை போட்டுப் பார்க்கவேண்டியதை வாயால கேட்டது நாங்கள்தானே ஐயா" என்றேன். அவர் ஜீப்பில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். அறிக்கையில், ஊர்மக்கள் தவறான தகவல் தந்ததால் ஏற்பட்ட சேதம் என்று எழுதினார். பிறகு பதவி உயர்வும் கிடைத்தது. கெட்டிக்காரன்!

வேறொரு கிராமத்தில் புதுத் தாங்கி கட்டினார்கள். இந்தமுறை நாலு காலடியிலும் துளை போட்டார்கள். அங்கிருந்து குழாய் இழுத்து அக்காவின் படலைக்குக் கொண்டுவர வருசக்கணக்காயிற்று. போன மாதம்தான் தண்ணீர் வந்தது. சந்தோசப்படுவார் என்று நினைத்து, மடையன் மாதிரி, பார்க்கப் போனேன். புருஷன் உள்ளே கட்டிலில் கிடந்தார். அக்கா குழாயைத் திறந்து காட்டினார். நல்ல தண்ணீர், நல்ல வேகம்.

"குடிக்கிறாரே அக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப மெசினிலதான் ரத்தம் சுத்தப்படுத்துகினம் தம்பி. இனித் தண்ணி நிறையக் குடிக்கக் கூடாதாம். டாக்குத்தர் அளந்தெல்லே விடுறார், ஒரு நாளைக்கு ரெண்டு கோப்பை" என்று சொல்லிக் குழாயைப் பூட்டினார்.