எம் என்றால் நாற்பது

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் வாங்கிய பைசாந்தியச் செப்புக்காசுகளில் ஒன்றைத்தான் என்னால் முழுதாக வாசிக்க முடியாதிருந்தது. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த பேரரசர். மறுபக்கம் பெரிய M எழுத்து, அதன் மேலே சிலுவை. கிரேக்க எண்முறையில் M என்றால் நாற்பது; காசின் பெறுமதி. அதற்குக் கீழே, காசை அடித்த நகரின் பெயர்ச்சுருக்கம் இருக்க வேண்டும். அந்த இடத்தைப் பச்சைக் களிம்பு மூடியிருந்தது.

குளிர்காலம் முழுவதும் ஊசியால் அதை மட்டும் மெல்லக் கிளறிக்கொண்டிருந்தேன். மற்ற இடத்துக் களிம்பில் கை வைக்கக் கூடாது. அந்தப் பச்சை போனால் காசுக்கு மரியாதை போய்விடும்.

நகருக்கு வெளியே, கடலோர மொண்டெல்லோவில் ஒரு சின்யோரா அம்மாளின் வீட்டில் வேலை செய்யும் என் மனைவியின் தங்கை அப்போது எங்களுடன் தங்கியிருந்தாள். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருந்தாள். ஒருநாள் காலை அவள் புறப்பட்டுப் போன பிறகு பார்த்தேன்; மேசையில் காசைக் காணவில்லை. குசினியில் பழப்புளி உருண்டை ஒன்று பச்சை நிறமாகக் கிடந்தது.

மத்தியானம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அத்தான், பெர்மெஸ்ஸோ கிடைச்சிட்டுது! மாதா கைவிடேல்லை."

உள்ளங்கையை விரித்தாள். என் காசு புதுச் செப்புக்குடம்போல் மின்னியது.

"என்ன வேலை பாத்தனீர்?"

"மாதா பதக்கத்தை இப்பிடியோ ஊத்தையா வைச்சிருக்கிறது? புளி போட்டு மினுக்கினனான். போற வழியிலை ஃபாதரிட்டை மந்திரிப்பிச்சனான். இப்ப வியா மக்வேதா நகைக்கடைக்குப் போறன், ஓட்டை போட்டுச் சங்கிலியிலை கோர்க்க."

மாதா பதக்கத்தின் பின்புறத்திலும் M எழுத்தும் அதன் மேலே சிலுவையும் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"அது மாதா இல்லை. நாப்பது."

"தபசு கால நோன்பும் நாப்பது நாள்தானே, அத்தான்."

"மற்றப் பக்கம் பாரும். ராசா ஒராள்."

"இரும்புத் தொப்பி, கையிலை சிலுவை. இது புனித சந்தியாகுமையோர்."

"அவருக்குக் குதிரையெல்லோ இருக்கும்?"

"எங்கையும் கட்டிப்போட்டு வந்திருப்பார்."

மனைவி சோறு போட்டபடி, "உங்கடை ராசா உங்களுக்கு என்ன செய்தவர்? அவளுக்குப் பெர்மெஸ்ஸோ எடுத்துக் குடுத்திருக்கிறார்" என்றாள்.

வரலாறு எடுபடவில்லை. ஓட்டையையாவது தடுக்க வேண்டியிருந்தது.

"எவடத்திலை ஓட்டை போடப் போறீர்?"

"மேலைதான்."

"மேலை என்ன கிடக்கு?"

பார்த்தாள். சிலுவை. முகம் மாறியது.

"அப்ப கீழை போடுவம்."

"மாதா தலைகீழாத் தொங்குவா."

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த இடைவெளியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் காசின் அடிப்பகுதியைப் பார்த்தேன். என் ஊசி ஒரு குளிர்காலம் முழுவதும் செய்யாததைப் புளி செய்திருந்தது. மூன்று எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. நிக்கொமேதியா, இன்றைய துருக்கியில் உள்ள நகரம். என்னை மறந்து, "நிக்" என்று சத்தமாக வாசித்துவிட்டேன்.

"என்னவாம்?"

"நிக் எண்டு எழுதிக் கிடக்கு."

"பாத்தியளே அக்கா, இஞ்சையே நிக்கச் சொல்லிக் கிடக்கு!"

பெர்மெஸ்ஸோ சொல்வதும் அதைத்தான். காசை அவள் கையிலேயே வைத்தேன்.

காசு இப்போது ஓட்டையில்லாமல், அவளுடைய பெர்மெஸ்ஸோ அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் அவள் இப்போது தங்கி வேலை செய்யும் மொண்டெல்லோ வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். போன முறை கண்ணாடியோடு போய் உறைக்குக் கை நீட்டினேன்.

"முதல் செருப்பைக் கழட்டுங்கோ, அத்தான்" என்றாள்.