இரண்டு கமாவுக்கு நடுவில்

தருமபுரம் சந்தனசாமிக்குப் பெண்கள் மூன்று. மூத்தவளைக் கோட்டுச்சேரியில் கொடுத்தார். கடைசிப் பெண் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டாள். நடுவில் நின்றவள்தான் சலோமி. வந்த வரன்களையெல்லாம் ஒருவன் குட்டை, ஒருவன் பேச்சு சரியில்லை என்று ஏதாவது குறை சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் மனசு கிடந்த இடம் வேறு. கடைத்தெருவில் அலாவுதீன் பாய் மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருந்தார். அதன் முன்னால் கிடந்த நாற்காலி தனக்கே நிலைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

எண்பத்தாறாம் வருஷத்துச் சமாசாரம் இது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பாய், ஊருக்குப் புதுசாக ஒரு தொழில் செய்யவேண்டுமென்று அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். சலோமி கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து, அதற்குக் கட்டளை எழுதப் படித்திருந்தாள். எழுத்தடிக்க அவளுடைய அத்தை மகள் ஜெயமேரி. சந்தனசாமியின் அக்காள் மகள், டைப்பில் ஹையர் பாஸ் செய்தவள், விரல் மழை பெய்கிற மாதிரி விழும். பாய் சலோமியிடம் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். முதல் பெரிய வேலை சுத்தமாக வந்தால் நாற்காலி உனக்கு, இல்லையென்றால் தஞ்சாவூரிலிருந்து ஆள் வரும் என்று.

அந்த முதல் வேலை திருவேட்டக்குடியிலிருந்து வந்தது. மீன் விற்கிற பெண்கள் சங்கத்தில் எல்லாருக்கும் அட்டை வேண்டும். அட்டை இருந்தால்தான் காலை பஸ்ஸில் கூடையோடு ஏற்றுவார்கள். அட்டையில் பெயர், புருஷன் பெயர், ஊர், மூன்றும் வரவேண்டும். ஜெயமேரி ஊருக்கே போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, ஆளுக்கு ஒரு வரியாக இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். பெயர், ஒரு கமா, புருஷன் பெயர், ஒரு கமா, ஊர்.

பெட்டிக்குப் பெயரும் தெரியாது, புருஷனும் தெரியாது. அதற்கு எல்லாம் ஒரே நீள எழுத்துச் சரம். கமா வருகிற இடத்தில் நறுக்கு, முதல் துண்டு பெயர், இரண்டாவது புருஷன், மூன்றாவது ஊர் என்று சலோமிதான் அதற்குச் சொல்லிவைத்தாள். சோதித்துப் பார்த்தபோதெல்லாம் சரியாகத்தான் வெட்டியது. முழுசாக ஓட்டினால் கோளாறு. சன்னல் வழியாக வருகிற உப்புக்காற்றில் பெட்டியின் விசைகள் பிசுபிசுத்துப் போயிருந்தன. கமா விசையை ஒரு தட்டு தட்டினால் சில நேரம் இரண்டு விழுந்தது. இரண்டு கமாவுக்கு நடுவே ஒன்றுமில்லாத ஒரு துண்டு பிறந்து, புருஷன் பெயர், ஊர் இருக்கவேண்டிய இடத்துக்கு நகர்ந்தது. சலோமி துணியால் துடைத்துப் பார்த்தாள், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள், ஜெயமேரியை மெதுவாகத் தட்டச் சொன்னாள். ஒன்றும் ஆகவில்லை. பாய் மணிக்கொரு தரம் மாடியேறி வந்து, முடிஞ்சுதா என்று கேட்டுவிட்டு இறங்கினார். அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கடைசியில், எத்தனை கமா சேர்ந்து வந்தாலும் ஒன்று என்றே வைத்துக்கொள் என்று பெட்டிக்கு ஒரு கட்டளை போட்டாள். அட்டைகள் மளமளவென்று வந்தன. சங்கத்தார் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுவாரம் தையல்நாயகி மாடிப்படியில் கூடையோடு ஏறி வந்தாள். நல்ல உயரம், வெற்றிலை வாய். கூடையை வாசலிலேயே இறக்கிவிட்டு, அட்டையைச் சலோமி மடியில் போட்டாள்.

"படி அத. எங்களுக்குத்தான் எழுத்து வாசனை கெடயாது. பஸ்ஸுல கண்டக்டர் படிச்சான். புருஷன் பேரு திருவேட்டக்குடின்னு இருக்காம்ல."

சலோமி பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. ஊர் இருக்கவேண்டிய இடம் காலி.

"பஸ்ஸே சிரிச்சுது தெரியுமா. ஊரே இவளுக்குப் புருஷனான்னு பின் சீட்டுலேர்ந்து ஒரு பய கேக்குறான். ஏண்டி, ஒனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

அவளுக்கு மட்டுமல்ல, இன்னும் பல பேருக்கு அப்படியே வந்திருந்தது. சலோமி ஜெயமேரியைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயமேரி உண்மையைச் சொன்னாள். புருஷன் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்களாம். புருஷன் பெயரை எந்தப் பொம்பளை வாய்விட்டுச் சொல்வாள்? நாலு பேர் நிற்கிற இடத்தில் வற்புறுத்தக் கூச்சப்பட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டு இரண்டு கமா அடித்திருக்கிறாள். சலோமிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தாளாம்.

சலோமிக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்ட ஜெயமேரியையா, கேட்காமல் விட்ட தன்னையா? அவளைப் பெற்றவளே இந்த வயசு வரை 'சந்தனசாமி' என்று ஒருதரம் சொன்னதில்லை. 'அவுக' என்றுதான் சொல்வாள். வீட்டில் தினம் காதில் விழுகிற சங்கதி, பெட்டி முன்னால் உட்கார்ந்ததும் எப்படி மறந்துபோனது?

விஷயம் தெரிந்தும் பாய் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தஞ்சாவூர் ஆளுக்குச் சொல்லியனுப்பிவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார். அவன் திங்கட்கிழமை வருகிறான், அதற்குள் அட்டைகளைத் திருத்திக் கொடுத்துவிடு என்றார்.

சலோமி தனியாகத் திருவேட்டக்குடிக்குப் போனாள். கரையில் வலை உலர்த்துகிற பக்கம் ஆம்பளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் காதைக் கொடுத்தாள். அல்லி என்பவள் தன் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, காற்று மாதிரி ஒரு பெயரைச் சொன்னாள். இன்னொருத்தி தன்னால் ஆகாதென்று பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லவைத்தாள். தையல்நாயகி மட்டும் மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

"ஒங்க வூட்டுக்காரர் பேரு, அக்கா?"

"போனவன் பேரு எதுக்கு? அந்த எடம் வெறுசாவே கெடக்கட்டும். இல்லாதத இல்லாததாவே போடு. வேற எதையாச்சும் இழுத்து அதுல ஒக்கார வக்காதே."

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தப் பேச்சு சலோமி நெஞ்சில் முள் மாதிரி நின்றது. வெறும் இடமும் ஒரு துண்டுதான். அதைத்தான் அவள் பெட்டியிடம் தின்னச் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் விசை பிசகி விழுந்த கமாவை எப்படிக் கண்டுபிடிப்பது? யோசித்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிற அளவுக்குச் சுலபம். மூன்று துண்டுக்குக் கமா இரண்டு. ஒட்டி நின்றாலும் தள்ளி நின்றாலும், இரண்டு இருந்தால் அந்த வரி சரி. இரண்டுக்கு மேல் போனால்தான் விசையின் வேலை. சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இதை அன்றைக்கே நினைத்திருந்தால் நாற்காலி போயிருக்காது.

பழைய கட்டளையை அழித்தாள். ஒவ்வொரு வரியிலும் கமாவை எண்ணு, இரண்டுக்கு மேல் போனால் நில், என்னைக் கேள் என்று புதுசாக எழுதினாள். கேட்டு வந்த பெயர்களைத் தானே அடித்தாள். பெட்டி நின்ற இடத்திலெல்லாம் ஜெயமேரியோடு உட்கார்ந்து பார்த்துத் திருத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகவில்லை. அட்டைகள் சரியாக வந்தன. தையல்நாயகியின் அட்டையில் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, நடுவில் வெள்ளைக் காகிதம் இருந்தது.

திங்கட்கிழமை நீலமேகம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தஞ்சாவூர் ஆள் அவன்தான். குணத்தில் கெட்டவனில்லை. பாய் சலோமியை ஜெயமேரி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தடிக்கச் சொன்னார்.

"எழுத்தடிக்க நான் வரலைங்க பாய்" என்றாள் அவள். படியிறங்கித் தருமபுரம் போய்ச் சேர்ந்தாள். சந்தனசாமி மறுநாளே ஒரு வரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பத்து நாள் போயிருக்கும். சங்கத்தில் புதுசாகச் சேர்ந்த பெண்கள் அட்டைக்காகப் பாயின் மாடிக்கே வந்தார்கள். அவர்கள் முகத்தில் விழிக்கப் பயந்து ஜெயமேரி லீவு போட்டிருந்தாள். நீலமேகம் மரியாதையாகத்தான், புருஷன் பேரு சொல்லுங்க என்று கேட்டிருக்கிறான். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவன் இரண்டாந்தரம் கேட்டதும், அந்தத் தருமபுரத்துப் பொண்ணு எங்கே, அது காதுலதான் சொல்லுவோம் என்று சொல்லிவிட்டுக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

பாய் தருமபுரத்துக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடித்தபிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"நாற்காலியத் தருவீங்களா?" என்று கேட்டாள் சலோமி.

"சங்கத்து வேலைக்கு நீ ஒக்காரு. மத்தது அவன்தாம்மா. வரச்சொன்ன ஆள நான் எப்புடிப் போகச்சொல்றது?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். வரனுக்கு முடியாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மறுநாளே போனாள். சங்கத்துப் பெண்கள் திரும்ப வந்து படியில் காத்திருந்தார்கள். நீலமேகத்தின் வேலை முடிகிற வரைக்கும் சுவரோரம் நின்றாள். அவன் எழுந்ததும், சூடு ஆறாத அந்த நாற்காலியைத் தனக்கு வாகாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாளைக்கும் இப்படித்தான் நிற்கவேண்டும் என்ற நினைப்பு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. "அடுத்த ஆளு வாங்க" என்று அல்லியின் நாத்தனாரைக் கூப்பிட்டுக் காதைக் கொடுத்தாள்.