ஆற்றங்கரையில் ஒரு புரட்டாசிச் சனி

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. இத்தனை பேரை வளர்த்தவளுக்கு, ஒரு பிள்ளை காரணமில்லாமல் அன்பு காட்டினால் விளங்காமல் போகுமா?

கடைசி மகள் இங்கே கனடாவில் விட்பி என்ற ஊரில் இருக்கிறாள். நான் காரில் அரை மணித்தியாலம் தள்ளி மோர்னிங்சைட்டில் எட்டாம் மாடியில் தனியாக இருக்கிறேன். அதை விட்டுவிட்டுத் தன்னோடு வரும்படி போன மாரியில் இருந்து சுற்றி வளைத்துக் கேட்டபடி இருந்தாள். கோயிலுக்குக் கூட்டிப்போகவே நேரமில்லாதவள், புரட்டாசியில் ஒரு நாள் வந்து, "அம்மா, காட்டுக்குள்ள ஆத்தங்கரையில கூடாரம் அடிச்சு இருப்பம், வாங்கோ" என்றாள். இதற்குள் ஏதோ இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன். ஆனாலும் போனேன். போகாவிட்டால் கிழவிக்கு ஏலாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அது அரசாங்கக் காடு. குழாய் இல்லை, வெளிச்சம் இல்லை, கக்கூசும் இல்லை. அதற்கு ஒரு சின்ன மண்வெட்டி தந்தார்கள். ஊரில் சண்டைக்கு இடம்பெயர்ந்து மரத்தடியில் சமைத்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? விரும்பி வந்து இப்படி இருக்கிறார்களே என்பதுதான் நம்ப முடியவில்லை.

மருமகன் கல்லெல்லாம் பொறுக்கி எறிந்து என் படுக்கைக்கு நிலத்தைச் சமன் செய்தார். மடக்குக் கதிரை விரித்து இருக்க வைத்தார், தேத்தண்ணி தந்தார். இருவரும் விறகு பொறுக்கும்போது குசுகுசுத்தார்கள். நான் கிட்டப் போனதும் ஆற்றைப் பார்த்து "என்ன வடிவு!" என்றார்கள். அப்படி ஒன்றும் வடிவில்லை. தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது.

பொழுதுபட முன்னர் மருமகன் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கயிறு கட்டி மரத்தில் உயர ஏற்றினார். என் பிஸ்கற், தலைக்கு வைக்கிற எண்ணெய், பற்பசை வரைக்கும் கேட்டு வாங்கினார்.

"கரடி மணத்துக்கு வரும், மாமி."

"எங்க தம்பி கரடி?"

"வராமல் இருக்கத்தான் கட்டுறன்."

எனக்குச் சீனி வருத்தம். பிஸ்கற்றை ஒளிக்கத்தான் இந்தக் கரடிக் கதை என்று எனக்குப் பட்டது.

விடிந்தால் புரட்டாசிச் சனி. அன்றைக்குச் சனீஸ்வரனுக்கு விரதம் பிடித்து, சமைத்து, அவருடைய வாகனமான காகத்துக்கு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் நான் சாப்பிடுவேன். கனடா வந்தும் ஒரு வருடமும் விட்டதில்லை. காலையில் அவர்கள் பையை இறக்கி வைத்துவிட்டு, ஆற்று வளைவில் தண்ணீர் தெளிவாக இருக்குமென்று அள்ளப் போனார்கள். என்னை விட்டுவிட்டு எதையோ கதைக்கத்தான் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

காஸ் அடுப்பில் சோறும் பருப்பும் வைத்தேன். பேப்பர்த் தட்டில் சோறு போட்டு, நெய் விட்டு, எள்ளுத் தூவி, தட்டையான ஒரு பாறையில் வைத்து "கா... கா..." என்று கூப்பிட்டேன். ஒரு காகம் கொப்பில் இருந்து தலையைச் சரித்துப் பார்த்தது. இறங்கவில்லை. அதுக்கும் என்னில் சந்தேகம் போல. பிறகு பறந்துவிட்டது.

பற்றைக்குள்ளிருந்து கரடி வந்தது. கறுப்பு, கன்றுக்குட்டி அளவு. நேரே பாறைக்குப் போய் நக்கத் தொடங்கியது. எனக்கு ஓட முழங்கால் விடாது. பானை மூடியை எடுத்து அகப்பையால் அடித்தேன். அது என்னை ஒருக்கால் பார்த்துவிட்டுத் தன் பங்கைத் தின்றது. மருமகன் கத்திக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் ஆற்றில் இறங்கி அக்கரைக்கு நீந்திப் போனது.

மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடிந்ததும், "சோத்தை ஆர் வெளியில வைச்சது?" என்றாள்.

"நான்தான். இண்டைக்குச் சனியெல்லோ."

மருமகன் சிரித்துவிட்டார். "சனீஸ்வரன் காகத்தை வித்துப்போட்டுக் கரடி வாங்கிட்டார் போல, மாமி."

"சிரியாதேங்கோ! ருசி கண்டது திரும்பி வரும். எல்லாத்தையும் கட்டுங்கோ" என்று அவரில் பாய்ந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இதுக்குத்தான் சொல்லுறன், உங்களைத் தனிய விடேலாது. எங்கட வீட்டுக் கீழறை ஆயத்தமாக் கிடக்கு."

"உதைக் கதைக்கத்தானே என்னை இவ்வளவு தூரம் கொண்டந்தனீ?"

"ஓம். உங்கட வீட்டில கதைச்சால் கதவைத் திறந்து போ எண்டுறீங்கள். இங்க கதவில்லை."

நான் நினைத்தது சரி.

"எட்டாம் மாடிக்குக் கரடி ஏறாது, பிள்ளை."

"விழுந்து கிடந்தால்? கதவைப் பூட்டிப்போட்டுக் கிடப்பீங்கள், எங்களுக்கு ஆர் சொல்லுறது?"

மருமகன் மடிக்கத் தொடங்கிய கூடாரத்தின் மற்ற முனையை நான் பிடித்து மடித்தேன்.

காரில் நான் கண் மூடவில்லை. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, ஆனால் விட்பிக்குத் திரும்புகிற இடம் தெரியும். அங்கே மருமகன் திரும்பவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்து, பையை மேலே தூக்கி வந்து வைத்தார். நான் மேலதிகமாக இருந்த வீட்டுக் கதவுத் திறப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மகளிடம் கொடுத்தால் அடுத்த நாளே வந்து அலுமாரிச் சாமானைப் பெட்டியில் கட்டுவாள். அவர் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். கீழறைக்கு நான் ஓம் சொல்லவில்லை.

என் பெயரை எழுதுவதற்கு மேல் எனக்குக் கை ஓடாது. இதை நான் சொல்லச் சொல்ல, விட்பி மகளின் பிள்ளை, என் பேத்திதான் எழுதினாள். எழுதுகிற நேரம் அவளுடைய அம்மா போனில் வந்தாள். இவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாள்.

பிள்ளை, இப்ப முதலில இருந்து வாசி, கேப்பம். கொம்மா போனில சொன்ன சொல் ஒண்டும் உள்ள இருக்கக்கூடாது.