றால் தொட்டியைத் தொடாதவர்கள்

திருப்பூரில் குழாய் பழுது பார்க்கிறவர்கூட வரமாட்டேன் என்று சொல்லமாட்டார். "வந்தர்றனுங்க" என்பார். மறுநாளும் குழாய் ஒழுகும். கேட்டால் அதே புன்சிரிப்பு, அதே "வந்தர்றனுங்க". தூத்துக்குடியில் எங்கள் தெருவில் "இன்னைக்கு முடியாது, போ" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள். நான் வேறு ஆளைத் தேடியிருப்பேன். ஊரில் இருப்பவர்கள் கொங்குத் தமிழின் மரியாதையை வாயாரப் புகழும்போதெல்லாம் எனக்கு வாளியை மாற்றி மாற்றி வைத்ததுதான் ஞாபகம் வருகிறது.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வேதியியல் படித்த ஒரே ஆள் நான். கைக்குழந்தைகளுக்கான பனியனில் கிருமி வளராமல் தடுக்கும் பூச்சு ஏற்றுவது என் வேலை. சுவருக்குப் பெயின்ட் அடிப்பதுபோல ஒரே தடவையில் அப்புகிற சங்கதி இல்லை. துணியை முதல் தொட்டியில் முக்க வேண்டும், நல்ல தண்ணீரில் அலச வேண்டும், இரண்டாம் தொட்டியில் முக்க வேண்டும், அலச வேண்டும், மறுபடி முதல் தொட்டி. முதலாவதில் நேர்மின்னேற்றம், இரண்டாவதில் எதிர்மின்னேற்றம். ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தபடி கண்ணுக்குத் தெரியாத படலங்கள் மேலே மேலே ஏறும். கிருமியைத் தடுப்பது முதல் தொட்டிச் சரக்குதான். அது இல்லாவிட்டால் இரண்டாவதும் பருத்தியில் நிற்காது, அலசினால் போய்விடும்.

இரண்டாவது, கடல்பாசியிலிருந்து எடுத்த பசை. முதலாவது, றால் ஓட்டிலிருந்து எடுத்த பொடி. அம்மா றால் கம்பெனியில் நாளெல்லாம் உரித்துக் குவித்த அதே ஓடு. என் பள்ளிச் சீருடையில்கூட அந்த வாடை ஏறியிருக்கும். பக்கத்தில் இருப்பவள் தள்ளி உட்காருவாள். இன்று அது வெள்ளை வெளேரென்று மூட்டையில் வந்து இறங்குகிறது. முதலாளி அதை 'நேச்சுரல் பாலிமர்' என்பார். றால் என்ற சொல் அவர் வாயில் ஓட்டலில் மட்டும்தான் வரும்.

தை மாதம், தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கதிர்வேல் அண்ணன் பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டு, பச்சை வேட்டியில் வந்தார்.

"ஏனுங்க மேடம், இந்தப் பொடி எதுலீங்க எடுக்கறாங்க?"

"றால் ஓட்டுலண்ணா. வாடையே இருக்காது."

"அப்படீங்களா. செரீங்க."

சரி என்றால் சரி என்று எடுத்துக்கொண்டேன், படித்த முட்டாள். அந்த வாரம் பையன் ஆல்வினுக்குச் சளி. நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த நேரத்தில் முதல் லாட் துணி முழுதும் முக்கி முடிந்திருந்தது.

முதலாளிக்கு ஒரு யோசனை. "கண்ணு, உன்ற பையன் போட்டோவையே அட்டையில போட்டுரலாம். பூச்சு போட்ட அம்மாளே தன்ற கொழந்தைக்குப் போட்டுருக்குதுன்னா சனம் நம்பும்." எட்டு மாத ஆல்வின் அந்தப் பனியனில் சிரித்துவைத்தான். படம் சரக்கு வாங்கும் பையருக்கும் போய்விட்டது.

வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். பிள்ளையின் முகமே அச்சாகப் போகிறதென்றதும் சும்மா இருக்க முடியவில்லை. படத்துக்குப் போட்ட பனியனில் சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு அலசினேன். றால் பூச்சு இருந்தால் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். துணி பளீரென்று வெளுத்தது. பெட்டிகளிலிருந்து எடுத்தவையும் அப்படியே.

"முதல் தொட்டியில முக்கவே இல்லையாண்ணா?"

"மாலை போட்டிருக்கறனுங்களே மேடம், கவுச்சியத் தொடலாங்களா? ரெண்டாவதுல நல்லா நாலு வாட்டி முக்கிட்டனுங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"உங்க மனசு சங்கடப்படுமுன்னுதானுங்க."

அம்மாவிடம் போனில் சொன்னேன். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "ஏட்டி, அவன் விரதம்னு கண்ணால பாத்தேல்ல? தொடுவியான்னு கேக்க வாய் இல்லையாக்கும்?"

முதலாளியோ சிரிக்கக்கூட இல்லை. "துணி சுத்தமாத்தான கண்ணு இருக்குது? ஆரு சொட்டு உட்டுப் பாக்கப்போறாங்க? அடுத்த லாட்டுல பாத்துக்கலாம்." நெற்றி நிறையத் திருநீறு. விரதத்துக்கு அஞ்சியவரையாவது எனக்குப் புரிந்தது. இவர் எதற்குமே அஞ்சவில்லை. வேலை போனால் என்ன செய்வது, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்றெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. அட்டையை நம்பி வாங்கும் தாய்மாரும் என்னைப்போலப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

"இந்தத் துணிக்கு எம்பிள்ள படத்தைத் தரமாட்டேன் சார்."

அந்த அறையில் யாரும் 'மாட்டேன்' என்று சொல்லிக் கேட்டதில்லை போலும். "தெக்கத்தி ஆளுக வெடுக்குனு பேசறாங்கப்பா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஆனால் படம் ஏற்கெனவே பையரிடம் இருந்தது. திரும்பக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். வேறு வழியில்லாமல், ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த லாட்டை மறுபடி முக்கச் சொன்னார்.

றால் தொட்டிக்கு யார்? "மேடத்துக்குப் பழக்கந்தானுங்களே" என்றார் கதிர்வேல் அண்ணன், வெகு பணிவாக. ஞாயிறு காப்பகம் இல்லாததால் பையனையும் தூக்கிப்போய்ச் சுவரோரம் தூளி கட்டினேன். மாதா கோயிலுக்குப் போக வேண்டிய நேரத்தில் றால் தொட்டியருகே நான், பாசித் தொட்டியருகே அவர், நடுவில் அலசும் தண்ணீர். என் கையிலிருந்து துணியை வாங்கமாட்டார். நான் தண்ணீரில் போட்டு விலகிய பிறகுதான் எடுப்பார். துணி மட்டும் கூச்சமில்லாமல் இரண்டு பக்கமும் போய்வந்தது.

ஆல்வின் அழுதான். என் கை முழங்கைவரை றால் கரைசலில். அவர் கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு அவனைத் தூக்கினார். "அளுவாதீங்க சாமி, அம்மா வந்துருவாங்க." றால் குழம்பு தின்ற என்னிடம் விடியற்காலையில் பால் குடித்த பிள்ளை, அவர் கழுத்து மாலையை இழுத்து, மணியை வாயில் போட்டுச் சப்ப ஆரம்பித்தான். அவர் விலக்கவில்லை. நான் அடுத்த பனியனை முக்கினேன்.